நிலக்கீழ் வீட்டு வாடகை

மண்ணுக்குக் கீழே குடியிருக்கும் வழக்கம் வல்வெட்டித்துறைக்கு இல்லை. எனினும், 1983ஆம் ஆண்டின் பின்னர் அவ்வூரினின்றும் ரொறன்ரோ சென்று சேர்ந்தோர் பலருக்குக் குறைந்த வாடகைக்குக் கிடைத்த முதல் இல்லம் நிலக்கீழ் வீடே. பேச்சு வழக்கில் அது ‘பேஸ்மன்ட்’. பிற்காலத்தில் வீட்டுச் சொந்தக்காரரான சிலர், புதிதாய் வந்தோருக்கு அதனையே வாடகைக்கு விட்டனர்.

அங்கே சட்டம் முதலில் வினவுவது, தீப்பிடித்தால் உறங்குபவர் எவ்வழியே வெளியேறுவார் என்பதே. படிக்கட்டைப் புகை சூழ்ந்தால் யன்னலே கதி. அவ்வாறு தப்பும் யன்னலின் திறப்பு, ஒன்ராறியோக் கட்டட விதிப்படி, 0.35 சதுர மீட்டரேனும் இருத்தல் வேண்டும். அகலமோ உயரமோ 380 மில்லிமீட்டரிற் குறையலாகாது. அதாவது ஒன்றேகால் அடி. கருவி எதுவுமின்றி உள்ளிருந்தே அது திறபடவும் வேண்டும். கள்வனுக்கு அஞ்சி அதில் நிலையான இரும்புக் கம்பி பொருத்துவோர் உளர். கள்வனிலும் அக்கம்பி கொடியது. மேல் வீட்டையும் கீழ் வீட்டையும் தீத்தடுப்பு பிரித்தல் வேண்டும். தளந்தோறும் புகை எச்சரிப்புக் கருவியும், எரிவாயு உலை உள்ள வீட்டிற் படுக்கையறைகளின் அருகே காபனோரொட்சைட்டுக் கருவியும் வேண்டும். அந்நச்சு வாயுவுக்கு மணமில்லை.

“அனுமதி பெறாத வீடு, முறையிட்டால் வெளியேற்றிவிடுவர்” என்று அஞ்சி வாய்மூடியிருப்போர் பலர். 2006ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வாடகைக் குடியிருப்புச் சட்டமோ அத்தகைய வீட்டில் இருப்பவரையும் காக்கின்றது. நடுவர் மன்றத்தின் கட்டளையின்றிப் பூட்டை மாற்றி ஒருவரை வெளியேற்றுதல் குற்றம். முற்பணமாக இறுதி மாத வாடகைக்கு மேல் கேட்கவும் உரிமையில்லை. ஒப்பந்தத்திற் கையொப்பமிடுமுன், அந்த யன்னலை ஒருமுறை நீங்களே திறந்து பாருங்கள்.