சினை ஊசிக் கேன் எப்படிச் செய்யப்படுகிறது?

மாடு பருவத்துக்கு வந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினால், சினை ஊசி போடுபவர் வண்டியில் ஓர் அலுமினியக் கேனைக் கட்டிக்கொண்டு வருவார். மூடியைத் திறந்ததும் வெண்புகை வழியும். அது புகையல்ல, காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து பனியாவதுதான். கேனுக்குள் இருப்பது மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜன். உறைவிந்துக் குச்சிகள் அதில் மூழ்கிக் கிடக்கின்றன. அவை ஒருமுறை இளகிவிட்டால் மீண்டும் உறைய வைத்தும் பயனில்லை. பார்வைக்கு வித்தியாசமும் தெரியாது. மாடு சினை பிடிக்காமல் போனால் அடுத்த பருவத்துக்கு ஏறக்குறைய 21 நாள் காத்திருக்க வேண்டும். ஓரிரு கறவை மாடுகளை நம்பிக் குடும்பம் நடத்தும் சகோதரிகளுக்கு இது சிறிய நஷ்டமல்ல.

இவ்வளவு குளிரை வைத்திருந்தும் கேனின் வெளிப்புறம் சில்லென்று இருக்காது. ஸஹருக்காக இரவே தேநீர் ஊற்றி வைக்கிறோமே, அந்தப் பிளாஸ்க்கின் தத்துவம்தான் இதிலும். 1892இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஜேம்ஸ் டிவார் என்ற விஞ்ஞானி, குளிர்ந்த திரவங்களைச் சேமிக்கவே இதை உருவாக்கினார். அவர் காப்புரிமை பெறவில்லை. பிறகு ஜெர்மானியர்கள் அதைத் தெர்மாஸ் என்ற பெயரில் விற்று லாபம் பார்த்தார்கள்.

உண்மையில் கேன் என்பது ஒன்றல்ல, இரண்டு. ஒரு பாத்திரத்துக்குள் இன்னொன்று, கழுத்தில் மட்டும் இணைந்து தொங்குகிறது. உள்பாத்திரத்தின் மேல் மெல்லிய அலுமினியத் தாளையும் கண்ணாடியிழைத் தாளையும் மாற்றி மாற்றிப் பல சுற்றுகள் சுற்றுவார்கள். ஒளிக்கதிர் போலப் பாய்ந்து வரும் வெப்பத்தை அந்தப் பளபளப்பு திருப்பி அனுப்பிவிடும். அடுத்து வெளிப்பாத்திரத்தைப் பொருத்தி மூடி, ஹீலியம் வாயுவைக் கொண்டு கசிவு இருக்கிறதா என்று சோதிப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத துளையும் இதில் அகப்பட்டுவிடும்.

பொறுமை தேவைப்படும் வேலை அதற்குப் பிறகுதான். இரு சுவர்களுக்கும் இடையிலுள்ள காற்றைப் பம்பு வைத்து உறிஞ்ச வேண்டும். உலோகத்திலும் தாள்களிலும் ஒட்டியிருக்கும் ஈரம் பின்னாளில் ஆவியாகி வெற்றிடத்தைக் கெடுக்கும் என்பதால், கேனைச் சூடாக்கிக்கொண்டே நாள் கணக்கில் உறிஞ்சுவார்கள். அதையும் மீறி எஞ்சும் வாயுவைப் பிடித்துவைக்க உள்ளே கரி போன்ற உறிஞ்சுபொருள் வைக்கப்படுகிறது. கடைசியில் உறிஞ்சிய துவாரத்தை அடைத்து முத்திரையிடுவார்கள். காற்றே இல்லாத இடத்தில் வெப்பத்தைச் சுமந்து வர எதுவும் இல்லை.

கழுத்து வழியாக மட்டும் கொஞ்சம் வெப்பம் இறங்கும். அதனால்தான் அதை உலோகத்தில் செய்யாமல் கண்ணாடியிழையில் மெல்லியதாகச் செய்கிறார்கள். உள்பாத்திரத்தின் எடை முழுவதையும் தாங்குவதும் அதே கழுத்துதான்! கேனை உருட்டினாலோ, படுக்க வைத்தாலோ, ‘தொப்’பென்று போட்டாலோ அங்கே விரிசல் விழும், வெற்றிடம் போய்விடும். வெளிப்புறத்தில் வியர்வையோ வெண்பனியோ படிந்திருந்தால் கேன் கெட்டுவிட்டது என்று பொருள். அதிலுள்ள குச்சியை வாங்காதீர்கள். நைட்ரஜன் எவ்வளவு இருக்கிறது என்றும் தயங்காமல் கேளுங்கள். அளவுகோலை உள்ளே விட்டு எடுத்து ஆட்டினால், திரவம் இருந்த உயரம் வரை பனி படியும்.

மூடி தொளதொளவென்று இருப்பதைப் பார்த்து யாரும் துணி சுற்றி இறுக்க வேண்டாம். ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாகும். வெளியேற வழியில்லாவிட்டால் கேன் வெடிக்கும். மூன்று லிட்டர் கேன் மூடிய காருக்குள் கவிழ்ந்தால் 2,000 லிட்டருக்கு மேல் நைட்ரஜன் நிரம்பி, மூச்சுவிடும் காற்றை வெளியே தள்ளிவிடும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. காரில் கொண்டுபோக நேர்ந்தால் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, கேனை நிமிர்த்திக் கட்டுங்கள். கேன் இருக்கும் அறையில் யாராவது மயங்கிக் கிடந்தால் உடனே உள்ளே ஓடாதீர்கள். முதலில் வெளியிலிருந்தே கதவையும் ஜன்னலையும் திறந்துவிட்டு 108க்குச் சொல்லுங்கள்.