வங்கிப் பணத்தில் மரங்கள் வளர்கின்றன, நாம் எங்கே?

கோடை பிறந்துவிட்டால் ஸ்காபரோவின் பூங்காக்களில் எம்மவர் குரல் கேட்கத் தொடங்கிவிடும். ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள் என்று வார இறுதிதோறும் ஓர் ஒன்றுகூடல். கயிறிழுத்தல், தலையணைச் சமர், முட்டியுடைத்தல், பெரிய சட்டியில் ஆட்டிறைச்சிக் கறி, மாலையில் பரிசளிப்பு. மோர்னிங்சைட் பூங்காவில் இத்தகைய ஒன்றுகூடல் ஒன்றுக்கேனும் சென்றிராத குடும்பங்கள் எமக்குள் குறைவு. ஆயினும் சாப்பாட்டு மேசைகளுக்கு அப்பால் தொடங்கும் மரங்களுக்குள் எம்மில் எத்தனை பேர் நடந்து பார்த்திருக்கின்றோம்? பந்து விழுந்தால் எடுக்கப் போகும் சிறுவர்களைத் தவிர வேறெவரும் அந்தப் பக்கம் செல்வதை நாம் அதிகம் கண்டதில்லை.

குறை கூறுவதற்காக இதனை எழுதவில்லை. எமது மக்களிற் பலருக்குக் காடு பொழுதைக் கழிக்கும் இடமாக இருந்ததில்லை. வன்னிக் காடுகளினூடே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். முகவர்களை நம்பி, பெயர் தெரியாத நாடுகளின் எல்லைகளை இரவிற் காட்டுவழியே கடந்தவர்களும் இருக்கிறார்கள். வந்து சேர்ந்த பின்னர் இரண்டு வேலை, வாடகை, ஊருக்கு அனுப்பும் பணம், குளிர். மரங்களைப் பார்க்க நேரம் எங்கே?

சென்ற இலையுதிர் காலத்தில் முதியோர் குழு ஒன்றுடன் ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவுக்குச் சென்றிருந்தோம். ஸ்காபரோவின் தொடர்மாடிகளிலிருந்து அரை மணி நேரப் பயணம். பாதை தொடங்கும் இடத்தில் எழுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் நின்றுவிட்டார். "தம்பி, இதுக்குள்ள போனா ஆரும் பிடிக்க மாட்டினமோ? ரிக்கற் எடுக்க வேண்டாமோ?" என்று எம்மிடம் கேட்டார். இருபது ஆண்டுகளாக இந்நகரில் வாழ்பவர் அவர். அப்பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை என்பதையும், அது அவருக்கும் உரியது என்பதையும் அந்த இருபது ஆண்டுகளில் எவரும் அவருக்குச் சொல்லவில்லை.

ரூஜ் பூங்கா 2015 ஆம் ஆண்டிற் கனடிய நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் உருவானது. ஏறக்குறைய 79 சதுர கிலோமீற்றர் பரப்பில், ஓக் றிட்ஜஸ் மேட்டிலிருந்து ஒன்ராறியோ ஏரிக்கரை வரை, ரொறன்ரோ, மார்க்கம், பிக்கரிங், அக்ஸ்பிறிட்ஜ் ஆகிய இடங்களைத் தொட்டுச் செல்கிறது. காடும் சதுப்பு நிலமும் மட்டுமன்றி, இன்றும் உழப்படும் வயல்களும் அதனுள் உண்டு. ரொறன்ரோ நகர எல்லைக்குட் கூடாரம் அடித்துத் தங்கக்கூடிய ஒரேயொரு முகாம் மைதானமும் அங்கேதான் இருக்கிறது. 17 ஆம் நூற்றாண்டிற் செனெக்கா மக்கள் வாழ்ந்த ஊரின் எச்சங்கள் இந்நிலத்தின் கீழே உள்ளன. 'மாஸ்ற் ரெயில்' எனப்படும் பாதை, ஒரு காலத்திற் கப்பற் பாய்மரங்களுக்காக வெட்டப்பட்ட மரங்களை இழுத்துச் சென்ற வழி.

இந்த நிலம் தானாகத் தப்பிப் பிழைத்ததன்று. வீடமைப்பும் வீதியும் இதனை விழுங்கிவிடாதபடி 1975 முதல் அயலவர்கள் சங்கம் அமைத்துப் போராடினார்கள். இதற்கு வடகிழக்கே, 1972 இல் விமான நிலையம் ஒன்றுக்கென மத்திய அரசு ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தைக் கையகப்படுத்தியபோது, தலைமுறைகளாகப் பயிர் செய்த குடும்பங்கள் வெளியேற நேர்ந்தது. அந்த விமான நிலையம் கட்டப்படவேயில்லை. 2025 சனவரியில் அத்திட்டத்தை அரசு முற்றாகக் கைவிட்டது. அந்நிலத்தின் ஒரு பகுதி முன்னரே பூங்காவுடன் சேர்ந்துவிட்டது. நிலத்தை இழப்பது என்னவென்று அறிந்தவர்கள் இக்கதையை இரண்டாம் முறை விளக்கும்படி கேட்க மாட்டார்கள்.

அழியும் ஆபத்திலுள்ள பிளாண்டிங் ஆமைகளை மிருகக்காட்சிச்சாலையினர் முட்டையிலிருந்து பொரிக்கச் செய்து, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வளர்த்து, 2014 முதல் இப்பூங்காவின் நீர்நிலைகளில் விட்டு வருகிறார்கள். இவ்வாமை எண்பது ஆண்டுகள் வரை வாழக்கூடியது. நாம் சொன்னபோது முதியவர்கள் எல்லோரும் ஒரே நேரத்திற் சிரித்தார்கள். தம்மை விட மூத்த ஆமை எங்கே என்று தேடத் தொடங்கிவிட்டார்கள்.

பூங்காவை நடத்துவது பார்க்ஸ் கனடா என்ற அரசு நிறுவனம். ஆனால் நாடெங்கும் மரம் நடுவதற்கும், பாடசாலை வளவிற் தோட்டம் அமைப்பதற்கும், பிள்ளைகளை வெளியே கூட்டிச் செல்வதற்கும் ஆகும் செலவிற் கணிசமான பங்கு பெரிய நிறுவனங்களின் மானியங்களிலிருந்து வருகிறது என்பதைப் பலர் அறியார். ரிடி வங்கி 1990 இற் சுற்றாடலுக்கென ஒரு நிதியத்தை ஆரம்பித்தது. வாடிக்கையாளர்கள் தமது கணக்கிலிருந்து மாதந்தோறும் சிறு தொகை வழங்கலாம். நிர்வாகச் செலவை வங்கி ஏற்பதால், வழங்கிய பணம் முழுவதும் திட்டங்களுக்கே செல்கிறது. ஒரு திட்டத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் சில ஆயிரம் டொலர்கள்தாம். பாடசாலைத் தோட்டம் ஒன்றுக்கு அது போதும். இதே வங்கி 2010 இல் மரநடுகை நாட்களையும் தொடங்கியது. எவரும் போய் மண்வெட்டி பிடிக்கலாம். முகாமிட அறியாதவர்களுக்குக் கூடாரம் அடிப்பது முதல் அடுப்பு மூட்டுவது வரை பார்க்ஸ் கனடா பயிற்சி நடத்துகிறது. அதற்கும் வெளிப்புறப் பொருட்களை விற்கும் நிறுவனங்கள் கைகொடுத்துள்ளன.

இங்கே ஒன்றை மறைக்காமற் சொல்ல வேண்டும். றோயல் வங்கி 2007 இல் நீர்வளப் பாதுகாப்புக்கென பத்தாண்டுகளில் 50 மில்லியன் டொலர் வழங்கும் திட்டத்தை அறிவித்துப் பெருமை பெற்றது. அதே வங்கிதான் 2022 ஆம் ஆண்டில் எண்ணெய், எரிவாயு, நிலக்கரித் தொழில்களுக்கு உலகிலேயே மிக அதிகமாக நிதியளித்த வங்கி என்று, 2023 இற் சுற்றாடல் அமைப்புகள் வெளியிட்ட அறிக்கை கூறியது. ஏனைய பெரிய கனடிய வங்கிகளும் அந்தப் பட்டியலில் உள்ளன. ஒரு கையால் மரம் நட்டு மறு கையால் எண்ணெய்க் குழாய்க்குக் கடன் கொடுப்பவர்களிடம் பணம் கேட்பது தகுமா என்று எமது இளைஞர்கள் சிலர் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வியே. எமது எண்ணம் இதுதான்: அந்த வங்கிகளின் இலாபத்தில் எமது வீட்டுக்கடன் வட்டியும் இருக்கிறது. அதிற் சிறு பங்கு மரமாகத் திரும்பி வருமாயின், அது ஏன் எமது பிள்ளைகளின் பாடசாலை வளவில் முளைக்கக் கூடாது? பெற்றுக்கொள்வதற்காக வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் இருக்கக் கூடாது.

கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த முதியோர் குழுவின் சார்பில் ஒரு நிதியத்துக்கு நாமே படிவம் நிரப்பி அனுப்பினோம். மறுத்துவிட்டார்கள். அப்போது மனம் நொந்தது. இப்போது பார்த்தால் இரண்டு தவறுகள் எம்முடையவை. முதலாவது, கனடா வருமானத் துறையில் அறக்கொடை நிறுவனமாகப் பதிவு பெறாத சங்கத்தின் பெயரில் விண்ணப்பித்தது. இத்தகைய நிதியங்களிற் பல பதிவு பெற்ற அறக்கொடை நிறுவனங்களுக்கும், பாடசாலைகளுக்கும், நகர சபைகளுக்கும், பூர்வகுடி அமைப்புகளுக்கும் மட்டுமே பணம் வழங்குகின்றன. எமது ஊர்ச் சங்கங்களிற் பல அந்தப் பதிவைப் பெறாதவை. அத்தகைய சங்கம் ஒரு பாடசாலையுடனோ, பதிவுபெற்ற அமைப்புடனோ சேர்ந்து, அவர்கள் பெயரிற் கேட்கலாம். இரண்டாவது, 'சுற்றுலா' என்று எழுதியது. சுற்றுலாவுக்கு எவர் பணம் தருவார்? என்ன மரம், எத்தனை கன்று, எவருடைய நிலம், உரிமையாளரின் அனுமதிக் கடிதம், முதல் இரண்டு கோடைகளில் தண்ணீர் ஊற்றப் போவது யார், எத்தனை பிள்ளைகள் எதனைக் கற்பார்கள் என்று எழுத வேண்டும். விதிகள் மாறுவதுண்டு. ஆகையால் பேனாவைத் தொடுமுன் அவ்வாண்டின் விதிகளைக் கேட்டறிந்துகொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றும் கேள்விக்கு எம்மிடம் நல்ல விடை இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் துலா மிதித்து மிளகாய்க்கன்றுக்கு நீர் இறைத்தவர்கள், இங்கே பத்தாம் மாடியில் யன்னல் ஓரம் அமர்ந்திருக்கிறார்கள்.

போக எண்ணுவோருக்கு ஒரு வார்த்தை. ரூஜ் பகுதியில் உண்ணிகள் உண்டு. அவற்றுட் சில லைம் நோயைப் பரப்பக்கூடியவை. நீண்ட காற்சட்டை அணிந்து, அதன் நுனியைக் காலுறைக்குட் செருகி, பாதையை விட்டு விலகாமல் நடக்க வேண்டும். வீடு திரும்பியதும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, கழுத்து, தலைமுடி ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். சேலையோடு வருபவர்களுக்கு அகன்ற, தட்டையான பாதைகளே நல்லவை.

அன்று நின்றுவிட்ட அம்மா பின்னர் எல்லோருக்கும் முன்னால் நடந்தார். ஆற்றங்கரையில் அமர்ந்து கால் நனைத்தார். இப்போது எம்மைக் காணும்போதெல்லாம் அடுத்த பேருந்து எப்போது என்று கேட்கிறார். பேருந்து வாடகைப் பணம் இன்னும் சேரவில்லை. இம்முறை ஒரு பாடசாலையுடன் சேர்ந்து படிவம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.