கோபால்ட் உருளையும் கலெக்டர் ஆபீஸ் மனுவும்

திங்கட்கிழமைகளில் திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும். திருநின்றவூரிலிருந்தோ கும்மிடிப்பூண்டியிலிருந்தோ ஒருவர் அங்கே மனு கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து ஆலை கொட்டும் கசடில் கதிரியக்கம் இருப்பதாக ஊரில் பேச்சு, அதிகாரிகள் வந்து சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது மனு. முத்திரை விழும், எண் விழும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகும். இது எங்கள் வரம்பில் வராது என்று அங்கிருந்து கடிதம் வந்தால் மனு கொடுத்தவர் கொதித்துப்போவார். தட்டிக்கழிக்கிறார்கள் என்று தோன்றும். எழுதிய அதிகாரி தட்டிக்கழிப்பவராகவே இருக்கலாம். ஆனால் சட்டம் அவர் பக்கம் இருக்கிறது.

2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளை எடுத்துப் பாருங்கள். பழைய பேட்டரி, எண்ணெய்ச் சேறு, அமிலம், சாயக் கழிவு என்று எல்லாவற்றையும் வளைத்துப் பிடிக்கும் அந்த விதிகள், கதிரியக்கக் கழிவைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி வைத்துவிடுகின்றன. அதே ஆண்டு வந்த மருத்துவக் கழிவு விதிகளும் அப்படித்தான். ஆலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு உடனடி நிவாரணம் கிடைக்க, போபால் விஷவாயு விபத்துக்குப் பின் 1991இல் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. அதில் விபத்து எது என்று விளக்கும்போது, போரால் மட்டுமே நேர்வதையும் கதிரியக்கத்தால் மட்டுமே நேர்வதையும் நீக்கிவிட்டார்கள். அமிலத் தொட்டி வெடித்தால் கலெக்டரிடம் நிவாரணம் கேட்கலாம். கதிரியக்கம் உள்ள கோபால்ட் உருளை உடைந்தால் அந்தச் சட்டத்தில் இடமில்லை.

அணு என்றால் ஒன்றிய அரசு என்பது 1962ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டம் போட்ட பாதை. அதன் கீழ்தான் 1987இல் கதிரியக்கக் கழிவு அகற்றும் விதிகளும், 2004இல் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளும் வந்தன. சட்டத்தின் பெயரும் பிரிவு எண்ணும் காலத்துக்குக் காலம் மாற்றி எழுதப்படலாம், பாதை அதேதான். கண்காணிக்கும் அமைப்பு, 1983 நவம்பர் 15இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். தலைமையகம் மும்பை அணுசக்தி நகரில் இருந்தாலும், தென்மாநிலங்களுக்கான மண்டல மையம் சென்னையிலேயே இருக்கிறது. ஆலை மாசு பற்றி வருடக்கணக்காக மனு எழுதிப் பழகியவர்களில்கூட இந்த விலாசத்துக்கு ஒரு தபால் போட்டவர்கள் அரிது.

திருவள்ளூர் மாவட்டத்தில் அணு உலை கிடையாதே, பிறகு என்ன பயம் என்று கேட்கலாம். பயம் அணு உலையிலிருந்து வர வேண்டியதில்லை, காயலான் கடையிலிருந்தும் வரலாம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் சுற்றிலும் பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் ஆலைகள் பல இயங்குகின்றன. உள்ளூர்க் காயலான் கடைச் சரக்கும் உலைக்குப் போகிறது, கப்பலில் வரும் வெளிநாட்டு ஸ்கிராப்பும் போகிறது. அந்தக் குவியலுக்குள் என்ன கிடக்கும் என்பது உருக்குகிறவருக்கே முழுதாகத் தெரியாது. பற்றவைப்பைப் படம் பிடித்துச் சோதிக்க இரிடியம்-192 வைத்த கருவி, தொட்டியில் திரவ மட்டம் அளக்க சீசியம்-137 வைத்த கருவி, புற்றுநோய் சிகிச்சைக்கு ஒரு காலத்தில் எங்கும் இருந்த கோபால்ட்-60 இயந்திரம் எல்லாம் ஆயுள் முடிந்தால் பழைய இரும்புதான், பெயர்ப் பலகை மட்டும் உதிர்ந்துவிட்டால்.

டெல்லி மாயாபுரியில் 2010இல் நடந்தது அதுதான். டெல்லி பல்கலைக்கழக வேதியியல் துறை 1968இல் கனடாவிலிருந்து வாங்கிய காமா கதிர்வீச்சுக் கருவி ஒன்று 1985க்குப் பிறகு பயன்படாமல் கிடந்தது. 2010 பிப்ரவரியில் அதை ஏலத்தில் விட்டார்கள். ஒழுங்குமுறை வாரியத்துக்கு ஒரு சொல்லும் போகவில்லை. வாங்கிய காயலான் கடைக்காரர்கள் ஈயக் கவசத்தைப் பிரித்தார்கள். ஈயத்துக்கு நல்ல விலை உண்டே. உள்ளே இருந்த கோபால்ட்-60 பதினோரு துண்டாயிற்று. அதில் ஒன்றை ஒருவர் தன் பர்ஸில் வைத்துக்கொண்டு திரிந்தார். எட்டுப் பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், ஒருவர் இறந்தார். ஏப்ரலில் ஒரு தனியார் மருத்துவமனை, தன்னிடம் வந்த கடைக்காரரின் தோல் கறுத்துப்போனதைப் பார்த்துச் சந்தேகப்பட்டிராவிட்டால் மிச்சத் துண்டுகள் எங்கெங்கே போயிருக்குமோ. கருவியை விற்றது ஏதோ திருட்டுக் கும்பல் அல்ல, நாட்டின் பெயர்பெற்ற பல்கலைக்கழகம். இந்தச் செய்தியில் எனக்கு மறக்கவே முடியாத பகுதி அதுதான்.

துண்டுகள் கடையில் சிக்கியதால் அங்கே அளவோடு முடிந்தது. உலைக்குப் போயிருந்தால் கதை வேறு. உருகும்போது ஒவ்வொரு தனிமமும் ஒரு வழி போகும். கோபால்ட் இரும்போடு கலந்து கம்பிக்குள்ளேயே தங்கிவிடும். சீசியம் ஆவியாகிப் புகையோடு ஏறி, வடிகட்டிப் பைகளில் தூசாகப் படியும். தோரியமும் ரேடியமும் மேலே மிதக்கும் கசடில் சேரும். ஆகவே ‘ஆலைக் கழிவில் கதிரியக்கம்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் போதாது. கம்பியிலா, தூசியிலா, கசடிலா என்று கேட்கத் தெரிந்தால்தான் சோதிக்க வருகிறவர் எதை எடுத்துப்போக வேண்டும் என்று நாம் கைகாட்ட முடியும்.

அப்படி உலை வரை போன கதைகளும் உண்டு. மெக்சிகோவின் சியுதாத் ஹுவாரெஸில் 1983 முடியும் நேரத்தில், ஆஸ்பத்திரிக் கிடங்கில் கிடந்த ஒரு கோபால்ட் சிகிச்சை இயந்திரம் காயலான் கடைக்குப் போய், உருகி, கட்டடக் கம்பியாகவும் மேசைக் காலாகவும் ஆகி எல்லை தாண்டியது. கம்பி ஏற்றிய லாரி ஒன்று 1984 ஜனவரியில் வழி தவறி அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் அணு ஆய்வுக்கூடத்துப் பக்கம் போனதால்தான் அங்கிருந்த எச்சரிக்கை மணி அடித்தது. தைவானில் அப்படிப்பட்ட கம்பியில் கட்டிய வீடுகள் 1992இல் தெரியவந்தன. அதுவரை பத்தாண்டு போல மக்கள் அதற்குள் குடியிருந்தார்கள். ஸ்பெயினில் 1998இல் ஒரு உருக்காலை அறியாமல் சீசியத்தை உருக்க, பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து வரை காற்றில் அதன் தடம் தெரிந்தது. நம் நாட்டுச் சரக்கும் இதற்கு விலக்கல்ல. 2008இல் பிரான்ஸில் லிஃப்ட் பொத்தான்களில் கோபால்ட்-60 இருப்பது தெரிந்தது. பொத்தானுக்கான உலோகம் இந்தியாவிலிருந்து போனது. அதைக் கையாண்ட தொழிலாளர்கள் இருபது பேரளவில் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள்.

திருநின்றவூர்க்காரர்களுக்குப் பூசலார் கதை தெரியும். அவர் மனத்துக்குள் கட்டிய கோயில் யார் கண்ணுக்கும் தெரியவில்லை, சிவனே மன்னர் காடவர்கோன் கனவில் வந்து சொல்ல வேண்டியிருந்தது. கதிர்வீச்சும் கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, சுடாது. ஆனால் யாரும் கனவில் வந்து சொல்லப்போவதில்லை, மீட்டர்தான் சொல்ல வேண்டும்.

மீட்டர் சொல்வதையும் நிதானமாகக் கேட்க வேண்டும். பூமி, வானம், சாப்பாடு, கருங்கல் தரை எல்லாவற்றிலிருந்தும் உலகத்தில் ஒரு மனிதர் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார். கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கடற்கரை மணலில் அதைவிடப் பல மடங்கு. அங்கே ஆயிரக்கணக்கானவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில் புற்றுநோய் கூடுதலாகத் தெரியவில்லை. ஆலைகளால் பொதுமக்களுக்குக் கூடுதலாகச் சேரும் அளவு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது என்பது வரம்பு. கதிர்வீச்சு வேலை செய்கிறவர்களுக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20. ஆன்லைனில் வாங்கிய மலிவு மீட்டர் கருங்கல் படிக்கட்டில் கிர்ரென்று கத்தியதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் விட்டால், நாளை உண்மையாகவே துண்டு ஒன்று கிடைக்கும்போது நம்ப ஆள் இருக்காது.

கனிமத்தைப் பதப்படுத்தும் ஆலை இன்னொரு வகை. இங்கே யாரும் எதையும் தொலைப்பதில்லை, மூலப்பொருளிலேயே கதிரியக்கம் இருக்கிறது. மணவாளக்குறிச்சி மணலில் கிடைக்கும் மோனசைட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு தோரியம் ஆக்சைடு. அரிய மண் தனிமங்களைப் பிரித்த பிறகு தோரியம் கழிவில் நிற்கும், அதன் அரை ஆயுள் 1,400 கோடி ஆண்டு. மலேசியாவில் ஈப்போ பக்கத்துப் புக்கிட் மேராவில் ஏஷியன் ரேர் எர்த் என்ற ஆலை 1982இல் இப்படித்தான் தொடங்கியது. தகரச் சுரங்கத்தில் மிஞ்சிய மோனசைட்டைப் பதப்படுத்தியது. ஊர்க்காரர்கள் எட்டுப் பேர் 1985இல் வழக்குப் போட்டார்கள். 1992 ஜூலையில் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. கம்பெனியின் நிபுணர்கள் சொன்னதே நம்பத்தக்கது என்பது ஒரு காரணம். உரிமத்தை ரத்துசெய்யும் அதிகாரம் உள்ள அணுசக்தி உரிம வாரியத்திடம் ஊர்க்காரர்கள் முறையிட்டிருக்க வேண்டும் என்பது இன்னொன்று. வழக்கில் தோற்றாலும் எதிர்ப்பு ஓயவில்லை, 1994 ஜனவரியில் ஆலை மூடப்பட்டது. கழிவைத் தோண்டி எடுத்துச் சுத்தம்செய்ய சுமார் 10 கோடி டாலர் ஆனது.

அந்த இரண்டாவது காரணம் நமக்கும் வந்து சேரும். தட்ட வேண்டிய கதவு வேறு என்று யாரும் சொல்ல இடம் வைக்காமல், முதல் நாளே இரண்டு மனு எழுதுங்கள். எங்கே கொட்டினார்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம், அதில் என்ன இருக்கிறது என்று அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்திடம். முதல் கேள்வியிலிருந்து மாநில வாரியம் நழுவ முடியாது. தண்ணீர்ச் சட்டம் (1974), காற்றுச் சட்டம் (1981) இரண்டின் கீழும் ஆலைக்கு இசைவாணை கொடுத்தது அதுதான். கசடு எத்தனை டன், வடிகட்டித் தூசி எந்த லாரியில் எங்கே போனது என்ற கணக்கும் அங்கே இருக்க வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அபாயகரக் கழிவைப் புதைக்கும் நிலையம் இருக்கிறது, ஆனால் கதிரியக்கம் உள்ள சரக்கு அங்கே போகக் கூடாது. மும்பை வாரியத்திடம், இந்த ஆலைக்குக் கதிர்வீச்சுக் கருவி வைத்துக்கொள்ள உரிமம் உண்டா, எத்தனை, கடைசியாக எப்போது சோதனை நடந்தது, பழைய கருவிகளைத் திருப்பிக் கொடுத்த சான்று எங்கே என்று கேளுங்கள். தாதுவிலிருந்து வரும் கழிவென்றால், யுரேனிய, தோரிய வரிசைத் தனிமங்கள் கிராமுக்கு 1 பெக்கரலைத் தாண்டுகின்றனவா என்று கேட்க வேண்டும்.

இந்தக் கேள்விகளைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம்: 10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. உயிருக்கு ஆபத்து என்றால் 48 மணி நேரம். நாட்டின் பாதுகாப்பு என்று 8(1)(அ) பிரிவைக் காட்டி மறுத்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். இரும்பு உருக்கும் ஆலையின் தூசியில் நாட்டு ரகசியம் என்ன இருக்கிறது என்பதை அவர்கள்தான் விளக்க வேண்டும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் மேலும் கேள்விகள் இல்லாமல் இல்லை. 2012இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, நாட்டிலுள்ள மருத்துவ எக்ஸ்ரே நிலையங்களில் 91 சதவீதம் பதிவே இல்லாமல் இயங்குவதாகச் சொன்னது.

மனு, கடிதம் எல்லாம் ஆறப்போட்டுச் செய்கிற வேலை. கையில் பொருளே சிக்கிவிட்டால் வேகம் வேண்டும். அளவுக்கு மீறிக் கனக்கும் சின்ன உலோகப் பெட்டி, ஈயக் கவசம், மஞ்சள் பின்னணியில் மூன்று இதழ்ச் சின்னம், அல்லது சிவப்பு முக்கோணத்தில் மண்டையோடும் ஓடும் மனிதனும் தெரிந்தால் கேஸ் கட்டரை எடுக்காதீர்கள், எடுத்து நகர்த்தவும் வேண்டாம். விலகி நின்று, மற்றவர்களையும் விலக்கி, 112க்கோ கலெக்டர் கட்டுப்பாட்டு அறையின் 1077க்கோ சொல்லுங்கள். அரக்கோணத்திலேயே தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன் இருக்கிறது, அணுக் கதிர்வீச்சு விபத்துக்கும் அந்தப் படைக்குப் பயிற்சி உண்டு. வாந்தி, முடி கொட்டுதல், தோல் கறுத்துப் புண்ணாதல் என்று டாக்டரிடம் போனால், பழைய இரும்பு வேலை செய்கிறேன் என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அலர்ஜிக்கு மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார். ரத்த அணுக்கள் எண்ணிக்கைச் சீட்டை நாள் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். கதிர்வீச்சால் வரும் நோய்கள் இழப்பீட்டுக்கான தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கின்றன, அந்தச் சீட்டுதான் சாட்சி.

நீதிமன்றம் என்றால் இரண்டு வழி. சென்னை உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226ஆவது பிரிவின் கீழ் ரிட் மனு, அல்லது தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அதுவும் சென்னைதான். தீர்ப்பாயம் விசாரிக்கும் சட்டங்களின் பட்டியலில் அணுசக்திச் சட்டம் இல்லை. அதனால் 1986ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை முன்வைத்து, நிலத்தடி நீர், கசடு, தூசி என்று மனுவை அமைக்க வேண்டும். ஆபத்தான தொழில் செய்கிறவர் கவனமாக இருந்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது என்று 1986இல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன முழுப் பொறுப்புக் கோட்பாடும் உதவும். தீர்ப்பாயத்தில் காலக் கெடு கறார்: தகராறுக்கு 6 மாதம், இழப்பீட்டுக்கு 5 ஆண்டு, தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்தே கணக்கு ஓடத் தொடங்கும். கலெக்டர் ஆபீஸ் பதிலுக்காகக் காத்திருந்த மாதங்களை யாரும் கழித்துத் தரமாட்டார்கள். ஆகவே இரண்டு மனுக்களையும் ஒரே நாளில் ஸ்பீடு போஸ்ட்டில் போட்டு, ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள்.