ஒரே மயக்கத்தில் இரண்டு அறுவைகள்: கழுத்துத் தமனியும் இதய பைபாஸும்

இதயத் தமனிகளை அடைக்கும் அதே கொழுப்புப் படிவு, கழுத்தின் இருபுறமும் ஏறி மூளைக்கு இரத்தம் தரும் கரோட்டிட் தமனிகளிலும் சேர்வதால், பைபாஸுக்கு முன் எடுக்கப்படும் டாப்ளர் ஸ்கேனில் சிலருக்குக் கழுத்து அடைப்பும் தெரியவருகிறது. அந்தத் தமனியைத் திறந்து படிவை அகற்றும் எண்டார்டெரெக்டமி என்ற அறுவையையும் பைபாஸோடு சேர்த்து ஒரே மயக்கத்தில் முடித்துவிடலாம் என்று சொல்லப்படும்போது, பக்கவாதத்துக்கு அஞ்சும் குடும்பத்தார் அதைக் கூடுதல் பாதுகாப்பாகவே எடுத்துக்கொள்கின்றனர்.

அந்த நம்பிக்கைக்குப் போதிய ஆதாரம் இல்லை. அறிகுறி ஏதுமின்றிக் கடும் கழுத்து அடைப்பு இருந்தவர்களிடம் ஜெர்மனியிலும் செக் குடியரசிலும் நடத்தப்பட்டு 2017இல் வெளியான கபாக்ஸ் ஆய்வில், 30 நாட்களுக்குள் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தவர்கள் இரண்டு அறுவைகளையும் சேர்த்துச் செய்துகொண்டோரில் 18.5 விழுக்காடாகவும், பைபாஸ் மட்டும் செய்துகொண்டோரில் 9.7 விழுக்காடாகவும் இருந்தனர். 129 பேரோடு ஆய்வு இடையில் நின்றுபோனதால் இந்த வேறுபாடு புள்ளியியல்படி உறுதியானதல்ல; ஆயினும் சேர்த்துச் செய்வதால் நன்மை உண்டு என்று அது காட்டவில்லை. பைபாஸின்போது நேரும் பக்கவாதங்களில் பல, கழுத்திலிருந்து அல்லாமல் மகாதமனியிலிருந்து பெயரும் படிவுத் துணுக்குகளாலோ இதயத்துடிப்பின் ஒழுங்கு கெடுவதாலோ வருபவை என்பதையும் மறக்கலாகாது.

அண்மையில் ஒரு கை செயலிழந்தோ, பேச்சுக் குழறியோ, ஒரு கண்ணின் பார்வை சிறிது நேரம் மறைந்தோ மீண்டவர்களின் நிலை வேறு. அவர்களுக்குக் கழுத்து அறுவைக்குத் தெளிவான காரணம் உண்டு. அதைப் பைபாஸுக்கு முன்பா, பின்பா, அதோடு சேர்த்தா செய்வது என்பதை நரம்பியல் மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்வதே முறை.

எப்படி முடிவெடுத்தாலும், கழுத்து அறுவைக்கு நோயாளியின் தனி ஒப்புதல் தேவை. சமீரா கோலி என்ற நோயாளி தொடர்ந்த வழக்கில் 2008இல் இந்திய உச்ச நீதிமன்றம், ஓர் அறுவைக்குத் தரப்பட்ட ஒப்புதல் மற்றோர் அறுவைக்குச் செல்லாது என்றும், உயிர்காக்கும் அவசரம் இல்லாதபோது, மயக்கத்தில் இருக்கும் வயதுவந்த நோயாளிக்காகத் தாய் தரும் ஒப்புதலும் போதாது என்றும் தீர்ப்பளித்தது. ஆகவே கழுத்து அறுவையின் நோக்கம், ஆபத்து, மாற்று வழி, செய்யாவிட்டால் நேரக்கூடியது ஆகியவற்றைத் தமக்குப் புரியும் மொழியில் முன்கூட்டியே கேட்டறிய நோயாளிக்கு உரிமை உண்டு. அறுவைக்கு முந்தைய இரவில் அவசரமாக நீட்டப்படும் ஆங்கிலப் படிவம் அந்த விளக்கத்துக்கு ஈடாகாது.

சிக்கல் நேர்ந்ததாலேயே கவனக்குறைவு என்றாகிவிடாது. ஐயம் எழுந்தால் சிகிச்சை ஆவணங்களை எழுத்து மூலம் கேட்க வேண்டும். 72 மணி நேரத்துக்குள் அவற்றைத் தர மருத்துவ நெறிமுறை விதிகள் கட்டளையிடுகின்றன. பெற்ற ஆவணங்களை வேறொரு வல்லுநரிடம் காட்டிக் கருத்தறிந்த பின், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம்.