நாலு மணி டீக்கு யாரும் அலாரம் வைப்பதில்லை

டீ வருவதற்குள் ஒரு கேள்வி. நாலு மணி டீயை நீங்கள் கடைசியாக மறந்தது எப்போது? தலைக்கு மேல் வேலை கிடந்தாலும் நாலு மணிக்குக் கால் தானாகக் கடைப்பக்கம் திரும்பிவிடுகிறது. 'இந்த வருஷமாவது ஒழுங்காக டீ குடிக்க வேண்டும்' என்று யாரும் ஜனவரி 1-ஆம் தேதி சபதம் எடுத்ததில்லை. சபதம், அலாரம், புது ஷூ, ஜிம்முக்கு ஆறு மாதக் கட்டணம் எல்லாம் உடற்பயிற்சிக்குத்தான் தேவைப்படுகின்றன. அவ்வளவும் இருந்தும் பொங்கலுக்குள் அது நின்றுவிடுகிறது.

"செய்யணும்னு தெரியுது சார், மனசுதான் வரமாட்டேங்குது" என்பவர்கள் பெரும்பாலும் தங்களைச் சோம்பேறி என்று திட்டிக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதே ஆள் டீக்கு ஒரு நாள்கூடத் தவறாமல் நடந்து போகிறாரே! டீக்கு ஒரு நேரம் இருக்கிறது, இடம் இருக்கிறது, கூட வர ஆள் இருக்கிறது, ஐந்தாவது நிமிடத்தில் நாக்கில் பலனும் இருக்கிறது. உடற்பயிற்சியிலோ செலவு முழுவதும் இன்றைக்கு: கெட்ட தூக்கம், கெண்டைக்கால் வலி, வியர்வை. வரவு இருபது வருஷம் கழித்து, அதுவும் வராமல் போன ஒரு நெஞ்சுவலியாக. வராத வலியை யார் பார்த்து மகிழ்வது? மனசு கணக்கில் கெட்டி. நஷ்டம் என்று கண்டதும் ஒதுங்கிக்கொள்கிறது. அதனால் மனசைத் திருத்தும் வேலையை விட்டுவிட்டு, டீக்கு அமைந்திருப்பதையெல்லாம் நடைக்கும் அமைத்துக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

இதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. உடல் அசைவு இதயத்தைக் காக்கிறது என்று எண்ணிக்கையோடு காட்டிய முன்னோடி ஜெரி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது லண்டனின் மாடி பஸ்களை. ஒரே பஸ், ஒரே புகை, ஏறக்குறைய ஒரே மாதிரிக் குடும்பங்களிலிருந்து வந்த ஆட்கள். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் ஒரு நாளில் 500 முதல் 750 படிவரை ஏறுவார். 1953-இல் 'லான்செட்' இதழில் முடிவு வெளிவந்தது. கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் உடனே உயிரைப் பறிப்பது இன்னும் குறைவு. 'குண்டான ஆட்கள்தான் டிரைவர் வேலைக்குப் போகிறார்களோ என்னவோ' என்ற சந்தேகம் நியாயமாகவே எழுந்தது. மாரிஸ் சளைக்கவில்லை. சீருடைக் கணக்கை வாங்கி, கால்சட்டைகளின் இடுப்பளவை ஒப்பிட்டுப் பார்த்தார். டிரைவர்களின் இடுப்பு பெரிதுதான், ஆனால் மாரடைப்பில் இருந்த வித்தியாசம் முழுவதற்கும் அது காரணமாக இல்லை. மாரிஸ் 2009-இல் இறந்தபோது அவருக்கு வயது 99.

இந்த ஆய்வை எல்லோரும் உடற்பயிற்சியின் பெருமைக்காகச் சொல்வார்கள். எனக்கு அதில் வேறொன்று கண்ணில் படுகிறது. அந்தக் கண்டக்டர்களில் ஒருவரும் உடற்பயிற்சி செய்யப் போகவில்லை. டிக்கெட் போடப் போனார்கள். மாடியில் பயணி இருந்தால் ஏறித்தான் ஆக வேண்டும். மனசு வந்ததா என்று யாரும் கேட்கவில்லை. கிணற்றில் நீர் இறைத்த நம் பாட்டிகளின் கதையும் அதுதான். அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. வாய்ப்பிருந்தால் பாட்டியே முதல் ஆளாக மோட்டார் போட்டிருப்பார். ஆனால் உழைப்பைக் கட்டாயமாக்கிய ஏற்பாடு போய்விட்டது. அந்த இடத்தில் நாமாக ஒன்றைக் கட்ட வேண்டியிருக்கிறது.

கட்டுவதில் பாதி வேலை நேரமும் இடமும். பிரிட்டன் ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் செய்து 2002-இல் வெளியிட்ட ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். மாணவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவைச் சும்மா விட்டார்கள். இன்னொரு பிரிவுக்கு இதயநோயைப் பற்றியும் உடற்பயிற்சியின் நன்மையைப் பற்றியும் படிக்கக் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு அதையும் கொடுத்து, அடுத்த வாரம் எந்த நாளில், எந்த நேரத்தில், எங்கே 20 நிமிடம் பயிற்சி செய்வீர்கள் என்று எழுதியும் வாங்கினார்கள். சும்மா விட்டவர்களில் 38 சதவீதம் பேர் பயிற்சி செய்தார்கள். அறிவுரை படித்தவர்களில் 35 சதவீதம். எழுதிக் கொடுத்தவர்களில் 91 சதவீதம்! வாட்ஸ்அப்பில் தினமும் வந்து விழும் 'காலை நடையின் 10 நன்மைகள்' எதற்குப் பயன்படுகிறது என்று இதற்குப் பிறகு நான் யாரிடமும் கேட்பதில்லை. சோதனை ஒரே வாரத்துக்கு, ஒரே ஒரு தடவை பயிற்சிக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். வண்டியைக் கிளப்ப அது போதும். ஊர்போய்ச் சேர வேறு வேண்டும்.

'காலையில் வாக்கிங் போவேன்' என்பது திட்டமாகாது. 'பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு, வீட்டுப்படி ஏறாமல் அப்படியே தண்ணீர்த் தொட்டிவரை போய்த் திரும்புவேன்' என்பது திட்டம். ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு காரியத்தின் வாலில் நடையைக் கட்டிவிடுவது கடிகாரத்தை நம்புவதைவிடப் பத்திரம். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்திருங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லும் அறிவுரை, திரும்பி வந்ததும் டம்ளரில் காபி தயாராக இருக்கும் ஆண்கள் எழுதியது என்பது என் சந்தேகம். அந்த நேரத்தில் பால், தண்ணீர், டிபன் டப்பா என்று ஓடுகிற பெண்ணுக்கு மாலை மொட்டை மாடிதான் ட்ராக். அதில் குறைச்சல் எதுவும் இல்லை. தெருநாய், விளக்கில்லாத சந்து, கார்த்திகை மழை எல்லாம் சாக்கு மாதிரி தெரிந்தாலும் நிஜமான தடைகள். மழைக்கு வீட்டுக்குள் என்ன செய்வது என்று வெயில் நாளிலேயே முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

அளவுக்கு வருவோம். பத்தாயிரம் அடி என்ற எண் எல்லோர் கைக்கடிகாரத்திலும் உட்கார்ந்திருக்கிறது. அது எந்த ஆஸ்பத்திரியிலும் பிறக்கவில்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த சூட்டோடு, 1965-இல் ஜப்பானில் ஒரு கம்பெனி அடி எண்ணும் கருவியை விற்க வந்தது. 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று பொருள்படும் 'மான்போ-கெய்' என்பது அதன் பெயர். சொல்ல அழகான எண், அவ்வளவுதான். சராசரியாக 72 வயதான அமெரிக்கப் பெண்களை வைத்து ஐ-மின் லீ குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு 41 சதவீதம் குறைவாக இருந்தது. ஏறக்குறைய 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. நடக்க முடிகிறவர்கள் ஏற்கெனவே ஆரோக்கியமாக இருந்திருக்கலாம் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டுதான் இதைப் படிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சி. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையையும் எடுத்துவிட்டது. மாடிக்கு ஏறிப் போய்த் துணி எடுத்து வந்ததும் கணக்கில் சேரும். தமிழ்நாடு அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று 2023-இல் அறிமுகப்படுத்திய நடைபாதைகளுக்கு 8 கிலோமீட்டர் நீளம். நல்ல காரியம். புதிதாகத் தொடங்குபவர் அதில் 800 மீட்டர் போய்த் திரும்பினால் இன்னும் நல்ல காரியம்.

அந்த 800 மீட்டரிலும் முதல் சில நிமிடங்கள் எரிச்சலாகத்தான் இருக்கும். கால் தசை கேட்கும் ஆக்ஸிஜனை நுரையீரலும் இதயமும் உடனே கொடுத்துவிடுவதில்லை. இரண்டு மூன்று நிமிடம் பின்தங்கித்தான் சேர்கின்றன. மூச்சு வாங்கும் அந்த நேரத்தை வைத்துத்தான் முழு நடையையும் மனசு எடை போடுகிறது. உடற்பயிற்சி எவ்வளவு இனிமையாக இருக்கும் என்று முன்கூட்டிக் கேட்டால் மக்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள், காரணம் தொடக்கம் மட்டுமே கண்முன் நிற்கிறது என்று 2011-இல் ஓர் ஆய்வு சொன்னது. அதனால் தொடக்கத்தில் மெதுவாகப் போங்கள். பக்கத்தில் வருபவரோடு வம்பு பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. சரியான வேகம் அதுதான்.

இனி டீயிடம் இருப்பதும் நடையிடம் இல்லாததுமான விஷயம், கைமேல் பலன். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் கேட்டி மில்க்மன் ஒரு வேடிக்கை செய்தார். விறுவிறுப்பான நாவல்களின் ஒலிவடிவத்தை ஜிம்முக்குள் மட்டுமே கேட்க முடியும்படி பூட்டி வைத்தார். அடுத்து என்ன ஆகிறது என்று தெரிய வேண்டுமென்றால் ஜிம்முக்கு வா! தொடக்க வாரங்களில் வருகை 51 சதவீதம் கூடியது. நடுவில் ஒரு விடுமுறை வந்தது, பழக்கம் உதிர்ந்தது. ஆனாலும் உத்தி நல்லது. இளையராஜா ஆனாலும் தொடர்கதை ஆனாலும், நடையில் மட்டும் கேட்பது என்று ஒன்றை ஒதுக்கி வைக்கலாம். பார்க்குகளில் நாலு சுற்று சுற்றிவிட்டு வெளியே டீக்கடையில் அரைமணி அரசியல் பேசும் பெரியவர்களைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. நடந்தது பத்து நிமிடம், நின்றது முப்பது நிமிடம் என்று. சிரிக்க ஒன்றுமில்லை, அவர்களை மறுநாளும் இழுத்து வருவது அந்த அரைமணிதான். கூடவே வரும் பஜ்ஜியைப் பற்றி நான் வாய் திறக்கப் போவதில்லை.

எடை மெஷினை மட்டும் பரிசளிக்கும் நடுவராக வைத்துக்கொள்ளாதீர்கள். நடையால் மட்டும் எடை இறங்குவது மிக மெதுவாக. ஒரு மாதம் நடந்து அரைக் கிலோ குறையாதபோது விட்டுவிட்டவர்கள் ஏராளம். மாடிப்படியில் மூச்சு, இரவில் தூக்கம் இவை சீக்கிரம் பதில் சொல்லும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் உணவுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் குறைகிறது, அதை அன்றைக்கே பார்க்கவும் முடிகிறது. அலமாரியில் கிடக்கும் குளுக்கோமீட்டரை எடுத்து, ஒரு நாள் சாப்பிட்டு உட்கார்ந்தபின் பாருங்கள், இன்னொரு நாள் அதே சாப்பாட்டைச் சாப்பிட்டு நடந்தபின் பாருங்கள். எந்தச் சொற்பொழிவையும்விட அந்த இரண்டு எண்கள் நன்றாகப் பேசும். இன்சுலின் அல்லது சர்க்கரை தாழக்கூடிய மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு, சட்டைப்பையில் இனிப்பு வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். நடக்கும்போது நெஞ்சு அழுத்தினால் பயிற்சிப் பேச்சே வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

எத்தனை நாளில் பழகும்? 21 நாள் என்று மேடைதோறும் சொல்கிறார்கள். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன், புதிய முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960-இல் வந்த தம் புத்தகத்தில் எழுதினார். அதில் 'குறைந்தது' உதிர்ந்தது, பிறகு முகமும் உதிர்ந்தது, எண் மட்டும் நின்றது. லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்துக் கண்டது, பழக்கம் படிய நடுத்தரமாக 66 நாள். கணக்கிட்டுப் பார்த்தால் ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள்வரை வேறுபட்டது. தண்ணீர் குடிக்கும் பழக்கம் சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது. மருந்தென்றாலும் விரதமென்றாலும் ஒரு மண்டலம் என்று 48 நாள் வைத்த நம்மவர்கள் 21-ஐவிட அருகில் வந்திருக்கிறார்கள். அதற்கு மேல் அதில் விஞ்ஞானம் தேட வேண்டாம். லாலியின் ஆய்வில் இன்னொன்றும் உண்டு: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் கெடவில்லை.

ஒரு நாள் விடுவதைவிட, விட்ட மறுநாள்தான் ஆபத்து. அமெரிக்காவில் 61,293 ஜிம் உறுப்பினர்களிடம் 54 வகை ஊக்குவிப்புகளைச் சோதித்து 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். இதிலும் மில்க்மன் இருந்தார். முதலிடம் பெற்றது என்ன தெரியுமா? ஒரு நாள் தவறியவர் அடுத்து வரும்போது சில காசு மதிப்பில் கூடுதல் பரிசு. நாலு வாரத் திட்டம் முடிந்தபின் பெரும்பாலானவற்றின் தாக்கம் மறைந்துவிட்டது என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. ஆகவே காய்ச்சல், கல்யாணம், மழை எல்லாம் வரும் என்று முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள், திரும்பி வரும் நாளுக்கு உங்களுக்குப் பிடித்த ஏதாவது ஒன்றை ஒதுக்கி வையுங்கள். திருநெல்வேலிக் கல்யாணத்துக்குப் போய் நாலு நாள் கழித்து வருகிறவர், விட்டதையெல்லாம் சேர்த்துப் பிடிக்க மறுநாளே ஓடினால் முழங்கால் பிடித்துக்கொள்ளும், இன்னும் நாலு நாள் போகும். முதல்நாள் ராத்திரியே கூட நடப்பவருக்கு "நாளைக்கு வர்றேன்" என்று ஒரு போன் போட்டுவிடுங்கள். மறுநாள் வழக்கமான நேரத்துக்குக் கிளம்பி, பாதித் தூரத்தில் திரும்பிவிடுங்கள்.