கொலைச் செய்தி கேட்ட நெஞ்சங்கள்

மண்ணின் தன்மைக்கேற்ப நீரின் தன்மை மாறும் என்பது வள்ளுவர் காட்டும் உவமை. செய்தியும் நீர் போன்றதே. ஒரே செய்தி பல நெஞ்சங்களில் விழுந்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நிறம் கொள்கிறது. குருதி சிந்திய கொடுஞ்செய்தி வந்துசேரும் வேளையில் மனிதரின் உள்ளியல்பு மறைப்பின்றி வெளிப்படுகிறது. ஒருவர் அழுகிறார், ஒருவர் வாயடைத்து நிற்கிறார், ஒருவர் 'யார் செய்தது?' என்று பல்லைக் கடிக்கிறார். ஒருவர் ஓடிச் சென்று உதவுகிறார். ஒருவர் கேட்டதைப் பத்தாக்கிப் பிறர்க்குச் சொல்கிறார். இவற்றுள் சமுதாயத்தை வாழவைப்பது எது, வீழ்த்துவது எது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருநீர்மலை, பல்லாவரம், தாம்பரம் வட்டாரத்தில் வாழ்வோர்க்கு இது தொலைவில் உள்ள பொருள் அன்று. திருநீர்மலைக் குன்றின்மீது நின்று நோக்கினால் மீனம்பாக்கம் விமான நிலையம் தெரியும். 1984 ஆகஸ்டு 2ஆம் நாள் இரவு அங்கே வெடித்த குண்டு முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. தொலைபேசியில் முன்னெச்சரிக்கை வந்திருந்தும், குண்டிருந்த பெட்டி உரிய நேரத்தில் அகற்றப்படவில்லை. அதே விமான நிலையத்தில் 1991 மே 21ஆம் நாள் இரவு வந்திறங்கிய முன்னாள் பிரதமர் இராஜீவ் காந்தி, சாலை வழியே திருப்பெரும்புதூர் சென்று, அங்கே மனித வெடிகுண்டுக்கு இரையானார். இவ்வட்டாரத்து முதியோர் பலர் அவ்விரு இரவுகளையும் இன்றும் நினைவில் கொண்டுள்ளனர்.

தொல்காப்பியர் காட்டும் இரு நிலைக்களன்கள்

உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்றார் தொல்காப்பியர். அவர் எட்டு மெய்ப்பாடுகளை வகுத்து, ஒவ்வொன்றும் தோன்றுதற்குரிய நிலைக்களன்கள் நான்கினையும் கூறினார். அழுகை பிறக்கும் களன்களுள் ஒன்று இழவு; வெகுளி பிறக்கும் களன்களுள் ஒன்று கொலை. இப்பகுப்பு ஆழ்ந்து நோக்கத்தக்கது. இயற்கையான இறப்பில் இழவு மட்டுமே உண்டு. ஆதலின் அழுகை வருகிறது, அழுது தீர்கிறது. கொலையிலோ இழவும் உண்டு, கொலையும் உண்டு. எனவே கேட்பவர் நெஞ்சில் அழுகையும் வெகுளியும் ஒருங்கே எழுகின்றன. இவ்விரண்டில் எது முந்துகிறது, வெகுளி எத்திசையில் பாய்கிறது என்பவற்றைப் பொறுத்தே மனிதர் வேறுபடுகின்றனர்.

சிலம்பு காட்டும் மாந்தர்

இவ்வேறுபாட்டைச் சிலப்பதிகாரம் விரிவாகக் காட்டுகிறது. கோவலன் கொலையுண்டான் என்பதே செய்தி. அதைக் கேட்டோர் எத்தனை வகையினர்!

ஆயர்பாடியில் இருந்த கண்ணகியிடம் முதலில் செய்தி கொணர்ந்தவள் ஒருத்தி. அவள் வந்தும் வாய்திறவாது நின்றாள். சொல்லப்போகும் சொல் கேட்பவரை என்ன செய்யும் என்று அறிந்த தயக்கம் அது. செய்தி கேட்ட கண்ணகி வீழ்ந்தாள், அழுதாள், பின்னரே சினந்து எழுந்தாள். அச்சினத்தோடு அவள் நீதி கேட்டுச் சென்றது அரசவைக்கு. காட்டியது சிலம்பு என்னும் சான்று. ஆயினும் நீதி கிடைத்த பின்னும் சினம் அடங்காமையால் மதுரை எரிந்தது. சான்றோடு தொடங்கிய சினமும் எல்லை கடக்கும் என்பதை இளங்கோவடிகள் மறைக்கவில்லை.

பாண்டியன் பிறர்மேல் பழி போடவில்லை. பொற்கொல்லனைச் சுட்டித் தப்ப முயலவில்லை. குற்றம் தன்னுடையது என உணர்ந்த அளவிலே உயிர் நீத்தான். அடைக்கலம் தந்த மாதரி, காக்கத் தவறினோமே என்று தீப்புகுந்தாள். கவுந்தியடிகள் உண்ணாநோன்பு கிடந்து உயிர் துறந்தார். தம் குற்றம் இல்லாத இடத்தும் தம்மையே ஒறுத்துக்கொள்ளும் நெஞ்சங்கள் இவை. புகாரில் கோவலன் தாயும் கண்ணகி தாயும் செய்தி கேட்டு மாய்ந்தனர். தந்தையர் இருவரும் செல்வத்தை எல்லாம் தானமாக அளித்துத் துறவு பூண்டனர். மாசாத்துவான் பௌத்தத்தையும் மாநாய்கன் ஆசீவகத்தையும் சார்ந்தனர். மாதவியோ தான் துறந்ததோடு, மகள் மணிமேகலையையும் அறவழியில் செலுத்தினாள். அம்மகளே பிற்காலத்தில் பசிப்பிணி போக்கும் பணியில் நின்றாள்.

இவர்கள் எல்லாரினும் இக்காலத்தார் கருதத்தக்கவன் மாடலன். மதுரையில் நிகழ்ந்ததைப் புகாருக்குச் சுமந்து சென்றவன் அவன். தன் வாய்மொழி கேட்டு மாண்டோர் உண்டு என்பதை எண்ணி வருந்திய அவன், அப்பழி நீங்கக் கங்கையாடச் சென்றதாகக் காப்பியம் கூறுகிறது. அவன் சொன்னது பொய்யன்று. ஆயினும் செய்தி சொல்பவனுக்கும் அறப்பொறுப்பு உண்டு என்று அவன் நெஞ்சு உணர்ந்தது. இறுதியில் சேரன் செங்குட்டுவன் அத்துயரை நினைவுச் சின்னமாக்கிக் கண்ணகிக்குக் கல் எடுத்தான்.

1948: உயிர் காத்த ஒரு சொல்

காப்பியம் காட்டிய இயல்புகளை வரலாற்றிலும் காணலாம். 1948 சனவரி 30ஆம் நாள் மாலை, தில்லியில் காந்தியடிகள் சுட்டுக் கொல்லப்பட்டார். நாடு பிரிவினைக் கலவரத்தின் புண் ஆறாதிருந்த காலம் அது. பிர்லா மாளிகைக்கு விரைந்த மவுண்ட்பேட்டன் பிரபுவின் காதில், கொன்றவன் முஸ்லிம் என்று கூட்டத்தில் ஒருவர் கூவியது விழுந்தது. கொன்றவன் இந்து என்று அவர் உடனே மறுத்துரைத்தார். அவருக்கும் அப்போது உண்மை தெரியாது. முஸ்லிம் என்ற சொல் பரவினால் நாடு என்னாகும் என்பது மட்டும் தெரிந்திருந்தது. அனைத்திந்திய வானொலியும் சாவை அறிவித்தபோதே, கொலையாளி இந்து என்பதையும் சேர்த்து அறிவித்தது. அவ்வொரு சொல் எத்தனை முஸ்லிம் குடும்பங்களைக் காத்தது என்று கணக்கிட இயலாது.

எனினும் வெகுளி வேறு திசை தேடிக்கொண்டது. கொலையாளி கோட்சே மராட்டியப் பார்ப்பனர் குலத்தவன் என்றறிந்ததும், மராட்டிய நாட்டில் அக்குலத்தாரின் வீடுகள் தாக்கப்பட்டன, உயிர்களும் போயின. பொய்ச் செய்தி மட்டுமன்று, மெய்ச் செய்தியும் சினத்தின் கையில் கொடிய கருவியாகும் என்பதற்கு இது சான்று.

அதே வேளையில் தமிழகத்தில் வேறொரு நெஞ்சையும் காண்கிறோம். காந்தியடிகளோடு நெடுங்காலம் கருத்து மாறுபட்டு நின்றவர் தந்தை பெரியார். அவரே அக்கொலைக்கு வருந்தி, இந்நாட்டிற்குக் காந்தி நாடு என்று பெயரிட வேண்டும் என எழுதினார். மாற்றாரின் சாவில் மகிழாது, அவர் பெருமையை நினைத்தல் உயர்ந்தோர் இயல்பாகும்.

திருப்பெரும்புதூரின் இரவு

1991இல் திருப்பெரும்புதூரில் இராஜீவ் காந்தியோடு காவல் துறையினர் ஒன்பதின்மரும் பொதுமக்களும் மாண்டனர். பணியில் உயிர் நீத்தவருள் காவல் கண்காணிப்பாளர் முகமது இக்பாலும் ஒருவர். குண்டு வெடித்ததும் பலர் சிதறி ஓடினர், அச்சம் இயற்கையே. மூப்பனாரும் ஜெயந்தி நடராஜனும் புகைக்கிடையே தலைவரைத் தேடி உடலை அடையாளம் கண்டனர். பெண் காவல் அதிகாரி அனுசுயா படுகாயமுற்றும் உயிர் பிழைத்து, காவற்பணியைப் பின்னரும் தொடர்ந்தார்.

தமிழகம் எங்கும் செய்தி பரவியதும், விசாரணை தொடங்குமுன்பே சினம் தீர்ப்பெழுதிவிட்டது. தி.மு.க.வினரின் வீடுகளும் கடைகளும் கொடிக்கம்பங்களும் தாக்கப்பட்டன. அதுவரை உடன்பிறப்பாய்க் கருதப்பட்ட ஈழ ஏதிலியர் ஐயத்திற்குரியோர் ஆயினர். 1992 முதல் பல்லாயிரவர் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். குண்டுக்குத் தப்பி வந்த தாய்மாரும் குழந்தைகளும், தாம் வைக்காத குண்டிற்காகத் தலைகுனிந்து நடந்தனர்.

ஆண்டுகள் சென்ற பின் வெளிப்பட்ட மனநிலைகளும் அறியத்தக்கன. மரண தண்டனை பெற்ற நளினிக்குக் கருணை காட்டுமாறு சோனியா காந்தி வேண்டினார். 2008இல் பிரியங்கா வேலூர்ச் சிறைக்கே சென்று நளினியைச் சந்தித்தார். அக்குண்டில் உறவினரை இழந்த வேறு சில குடும்பத்தினரோ, தண்டனை பெற்றோரை விடுவித்தலாகாது என்று இறுதிவரை வாதிட்டனர். 2022இல் உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. மன்னிக்கும் நெஞ்சை நாம் போற்றலாம். மன்னிக்க இயலாத நெஞ்சைப் பழிக்கலாகாது. இருவருமே தம் துயரைச் சட்டத்தின் வாயிலில் வைத்தனர், தெருவில் வைக்கவில்லை.

சினம் திசைமாறும்போது

தெருவில் வைக்கப்பட்ட துயர் என்ன செய்யும் என்பதையும் நாடு கண்டுள்ளது. 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி கொல்லப்பட்ட செய்தியைத் தொடர்ந்து, தில்லியில் மட்டும் அரசுக் கணக்கின்படியே 2,733 சீக்கியர் கொல்லப்பட்டனர். சுட்டவர் இருவர், மாண்டவர்க்கும் அவ்விருவர்க்கும் இருந்த தொடர்பு சமயம் ஒன்றே.

நம் தமிழகத்தின் கோவையும் அத்தீயில் வெந்தது. 1997 நவம்பர் 29 அன்று அங்கே கடமையில் இருந்த காவலர் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். அச்செய்தி மூட்டிய சினம், கொலையில் பங்கற்ற முஸ்லிம்கள்மேல் பாய்ந்தது. கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 பேர் மாண்டனர். அச்சாவுகளுக்குப் பழிவாங்குவதாகக் கூறி, 1998 பிப்ரவரி 14 அன்று தொடர் குண்டுகள் வைக்கப்பட்டன. 58 பேர் மாண்டனர். முதல் கொலைக்கு இரண்டாம் நிகழ்வில் மாண்டவர் பொறுப்பல்லர். இரண்டாவதற்கு மூன்றாவதில் மாண்டவர் பொறுப்பல்லர். அடித்தவன் ஒருவன், பட்டவன் ஒருவன், பழிதீர்க்கப்பட்டவன் வேறொருவன். இச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் ஒரு செய்தியைக் கேட்ட நெஞ்சிலேதான் வார்க்கப்பட்டது.

நினைவு செய்யும் பிழை

கொடுஞ்செய்தி கேட்ட கணம் நெஞ்சில் படம்போல் பதிகிறது. எங்கு நின்றோம், யார் சொன்னார் என்பது பல்லாண்டு மறப்பதில்லை. அமெரிக்க அதிபர் கென்னடி 1963இல் கொல்லப்பட்ட செய்தி போன்றவற்றைக் கேட்டோரின் நினைவுகளை ஆராய்ந்த பிரௌன், குலிக் என்னும் அறிஞர்கள், 1977இல் இதற்கு மின்னொளி நினைவு எனப் பொருள்படும் பெயர் தந்தனர். ஆனால் 1986இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாளே மாணவர்களிடம் எழுதி வாங்கி, சில ஆண்டுகள் கழித்து மீண்டும் வினவிய நைசர் என்னும் உளவியலார் வேறோர் உண்மை கண்டார். பலருடைய நினைவு மாறியிருந்தது. உறுதி மட்டும் மாறவில்லை. 'என் கண்ணால் கண்டேன், என் காதால் கேட்டேன்' என்று ஒருவர் உறுதியாகக் கூறுவது மட்டுமே மெய்ம்மைக்குச் சான்றாகாது என்பது இதனால் பெறப்படும்.

நாம் செய்யத்தக்கவை

இயல்பு பிறப்பில் வருவது. பண்போ பயிற்சியில் வருவது. அழுகிறவரை அழவிடுதல் வேண்டும். அழுகை முடியுமுன் 'யார் செய்தது' என்று கேட்டல் ஆகாது. வாயடைத்து நிற்பவரைக் கல்நெஞ்சர் எனல் தவறு. அவர் துயர் உள்ளே ஓடுகிறது. சினம் வந்தால் அதைச் சான்றோடும் சட்டத்தோடும் பிணித்தல் வேண்டும். செய்தியைச் சுமப்போர் மாடலனை நினைத்தல் வேண்டும். கையிலுள்ள பேசியால் ஒரு நொடியில் ஆயிரவருக்குச் செய்தி அனுப்பும் இந்நாளில் நாம் அனைவரும் மாடலர்களே. எவர் கூறக் கேட்பினும் மெய்ப்பொருள் காண்பதே அறிவு என்பது குறள் நெறி. ஒருவன் கொணரும் செய்தியை ஆய்ந்து தெளியாமல் அறியாமையால் ஒரு கூட்டத்தார்க்குத் தீங்கிழைத்துப் பின் வருந்தாதீர் என்பது அல் ஹுஜுராத் அத்தியாயத்தின் அறிவுரை. இரு நெறியும் ஒன்றையே வலியுறுத்துகின்றன.

மாணவ நண்பர்களே! கொலையாளியின் பெயரைக் கேட்டதும், அப்பெயர் எச்சமயம், எச்சாதி என்று நெஞ்சு தேடும். அத்தேடலை அங்கேயே நிறுத்துங்கள். மாண்டவரின் வீட்டில் அன்றிரவு அடுப்பு எரிந்ததா, காயமுற்றவர்க்குக் குருதி வேண்டுமா, அண்டை வீட்டார் அஞ்சிக் கதவடைத்துள்ளனரா என்று தேடுங்கள். அஞ்சியவர் கதவைத் தட்டி 'நாங்கள் இருக்கிறோம்' என்று சொல்லும் ஒருவர் ஒவ்வொரு தெருவிலும் இருந்தால், அடுத்த கொலைச் செய்தி பிறக்காமலே போகக்கூடும்.