அருவியில் திடீர் வெள்ளம் ஏன்?

ஜூன், ஜூலை மாதங்களில், பிற்பகலில் கடற்காற்று வீசினால்தான் பெசன்ட் நகரில் நமக்கு உயிர் வருகிறது. அதே நாட்களில் குற்றாலத்தில் சாரல்! தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, மழையின் பெரும்பகுதியைக் கேரளப் பக்கமே கொட்டிவிடுகிறது. ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே மலை தாழ்ந்து கணவாயாக இருக்கிறது. ஈரக்காற்று அவ்வழியே நுழைந்து தென்காசி வட்டாரத்தை நனைக்கிறது. இரவு பொதிகை விரைவு ரயிலில் ஏறினால் காலையில் தென்காசி. அங்கிருந்து குற்றாலம் சுமார் 5 கி.மீ.

பேரருவியின் உயரம் ஏறக்குறைய 60 மீட்டர். காற்றின் தடையின்றி அவ்வளவு உயரத்திலிருந்து விழும் பொருள், தரையைத் தொடும்போது மணிக்குச் சுமார் 120 கி.மீ. வேகம் பெற்றிருக்கும். பின் எப்படி அதன் அடியில் தலையைக் காட்டிக் குளிக்க முடிகிறது? சிற்றாற்றின் நீர் ஒரே வீச்சில் விழுவதில்லை. நடுவே பொங்குமாகடல் என்ற ஆழமான பாறைக்குழியில் விழுந்து, பொங்கி வழிந்து, அதன் பிறகே கீழே இறங்குகிறது. மேலும், நீர் அளவாக வரும்போது துளித்துளியாகச் சிதறுகிறது. துளியின் வேகத்தைக் காற்று கட்டுப்படுத்துகிறது. பெரிய மழைத்துளிகூட வினாடிக்கு 9 மீட்டர் வேகத்தையே அடைகிறது.

வெள்ளம் வந்தால் இந்தக் கணக்கெல்லாம் மாறிவிடும். நீர் துளியாகச் சிதறாமல், திரண்டு விழும். கல்லையும் கட்டையையும் சேர்த்து உருட்டி வரும்.

2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் இதுதான் நடந்தது. பலர் குளித்துக்கொண்டிருந்தபோது திடீரென வெள்ளம் பாய்ந்தது. மற்றவர்கள் தப்பி ஓட, 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். உங்கள் வயதுதான்.

அருவிக்கரையில் மழையே இல்லாதபோதும் வெள்ளம் வரலாம். மழை மலை உச்சியில் பெய்திருக்கும்! ஒரு சதுர கி.மீ. பரப்பில் 1 செ.மீ. மழை பெய்தால் எவ்வளவு நீர் என்று கணக்கிட்டுப் பாருங்கள். 1 கோடி லிட்டர்! நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகளில் நிரப்பினால் 800 லாரிகளுக்கு மேல் வேண்டும். பெசன்ட் நகரின் கடற்கரை மணலில் பெய்யும் மழை உடனே உள்ளே இறங்கிவிடும். செங்குத்தான பாறையில் அதற்கு வழியில்லை. ஓடைகளெல்லாம் ஒன்றுகூடி, புனலில் ஊற்றியதுபோல ஒரே வாயில் வந்து விழுகின்றன. அதனால்தான் சில நிமிடங்களில் நீர்மட்டம் உயர்ந்துவிடுகிறது.

‘எனக்கு நீச்சல் தெரியுமே’ என்பீர்கள். எலியட்ஸ் கடற்கரையில் நிற்கும் வெள்ளை வளைவு யாருடைய நினைவாக எழுந்தது? 1930 டிசம்பரில், பிறரைக் காப்பாற்ற முயன்று அங்கே மூழ்கி இறந்த டென்மார்க் நாட்டவர் ஷ்மிட்டுக்காக. ஓடும் நீரின் வேகம் இரு மடங்கானால் அது நம்மைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். மும்மடங்கானால் ஒன்பது மடங்கு. பாசி படிந்த பாறையில் முழங்கால் அளவு நீரே காலை வாரிவிடும்.

ஆகவே குளிக்கும்போதும் நீரைக் கவனியுங்கள். தெளிந்த நீர் கலங்குகிறதா? சருகும் சுள்ளியும் மிதந்து வருகின்றனவா? இரைச்சல் கூடுகிறதா? உச்சியில் கருமேகம் கவிந்திருக்கிறதா? இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே வெளியேறுங்கள். நீர் ஓடும் திசையிலேயே ஓடாமல், பக்கவாட்டில் மேடான இடத்துக்கு ஏறுங்கள். போலீசார் குளிக்கத் தடை விதித்திருந்தால், “தண்ணீர் குறைவாகத்தானே இருக்கிறது” என்று அவர்களிடம் வாதாட வேண்டாம். எண்ணெய்ப் புட்டியும் துண்டும் போனால் போகட்டும், எடுக்கத் திரும்பாதீர்கள்.